முடிவை உடைத்தால்தான் நாவல்

அன்புள்ள தம்பிக்கு,

இதழ்களில் வெளிவந்த உன் கதைகளைச் சேர்த்து நாவலாக்கப் போவதாக எழுதியிருந்தாய். தாராளமாகச் செய். ஆனால் ஒரே ஊர், ஒரே குடும்பம் என்பதற்காக மட்டும் கதைகள் நாவலாகிவிடாது. வரிசைப்படுத்தி அடுக்கினால் அது தொகுப்பாகத்தான் நிற்கும்.

ஜெயகாந்தன் செய்ததைப் பார். 1966-ல் ஆனந்த விகடனில் அவருடைய ‘அக்கினிப் பிரவேசம்’ வந்தது. மழையில் காரில் ஏறிய கல்லூரிப் பெண் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். தாய் அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தேற்றி, விஷயத்தை வெளியே விடாமல் காக்கிறாள். அதற்குமேல் அந்தக் கதையில் ஒரு வரி எழுத இடமில்லை. ஜெயகாந்தன் அந்த முடிவையே உடைத்தார். தாய் அப்படிக் காக்காமல், விஷயம் வெளியே தெரிந்திருந்தால்? அங்கே பிறந்ததுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. அந்தப் பெண் நாவலில் கங்கா. அண்ணன் அவளை வீட்டைவிட்டுத் துரத்துகிறான்; அவள் மாமாவின் தயவில் படிக்கிறாள், வேலைக்குப் போகிறாள், பிறகு தன்னைக் கெடுத்த மனிதனையே தேடிப் பிடிக்கிறாள். பழைய கதையும் வீணாகவில்லை. நாவலுக்குள் ஓர் எழுத்தாளர் எழுதியதாக அது வருகிறது. கங்கா அதைப் படிக்கிறாள். 1972-ல் இந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

அமெரிக்க எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லர் வேறு வழியில் போனார். ‘பிளாக் மாஸ்க்’ இதழில் வந்த ‘கில்லர் இன் த ரெயின்’, ‘த கர்ட்டன்’ ஆகிய கதைகளைப் பிரித்துக் கலந்து 1939-ல் ‘த பிக் ஸ்லீப்’ நாவலை எழுதினார். இரண்டு கதைகளிலும் இருந்த இரண்டு தந்தையர் நாவலில் ஒரே ஜெனரல் ஸ்டெர்ன்வுட் ஆனார்கள். ஆனால் ஒட்டிய இடம் ஒன்று தெரிகிறது: ஜெனரலின் கார் டிரைவரின் சாவுக்கு யார் காரணம் என்பதற்கு நாவலில் தெளிவான விடை இல்லை.

ஆகவே, உன் கதைகளில் ஒரே வேலையைச் செய்யும் இருவர் இருந்தால் ஒருவராக்கு. ஒவ்வொரு கதையிலும் பாத்திரங்களை மறுபடி அறிமுகப்படுத்தியிருப்பாய். முதல் அறிமுகம் போக மற்றவற்றை வெட்டிவிடு. வயது, ஆண்டு, உறவுமுறை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிச் சரிபார். எந்தப் பகுதி எந்த இதழில் வந்தது என்பதைப் பதிப்பாளரிடம் முதலிலேயே சொல்லிவிடு, முன்னுரையிலும் குறிப்பிடு.

எல்லாவற்றுக்கும் முன்னால், எந்தக் கதையின் முடிவு உன்னை இன்னும் கேள்வி கேட்கிறது என்று பார். அந்தக் கதையை மட்டும் எடுத்துக்கொண்டு, முடிவை அடித்துவிட்டு, அடுத்த நாள் காலையில் என்ன நடந்தது என்று எழுது. மற்றக் கதைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்