320 பக்கமும் ஏழு குழியும்

திருவையாறு பக்கம் எங்கள் ஊர். சென்னையில் வேலை பார்த்த காலத்தில் நண்பர்களோடு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடப் பழகினேன். ஒருவர் கதைசொல்லி, மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "கரையில நிக்கிற, வெள்ளம் வருது, என்ன பண்ணுவ?" என்று கதைசொல்லி கேட்பார். நாம் சொல்ல வேண்டும். நாம் சொன்னது நடந்ததா இல்லையா என்பதை டைஸ் தீர்மானிக்கும். ரோல்பிளேயிங் கேம் என்பதன் அடிப்படை அவ்வளவுதான். ஆனால் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஆடுபவருக்கான கையேடு மட்டுமே 320 பக்கம்.

ஊருக்குத் திரும்பிய வருஷம் கோடை விடுமுறையில் அண்ணன் மகனையும் தெருப் பிள்ளைகளையும் திண்ணையில் உட்காரவைத்து அந்தப் புத்தகத்தை விரித்தேன். மொத்தம் ஏழு பேர். பாத்திரங்களை உருவாக்குவதற்கே இரண்டு மணி நேரம் ஆயிற்று. "அத்தை, ஆட்டம் எப்ப ஆரம்பிக்கும்?" என்று அண்ணன் மகன் மூன்றாவது முறை கேட்டபோது இரண்டு பேர் எழுந்து போய்விட்டிருந்தார்கள்.

மறுநாள் புத்தகத்தை உள்ளே வைத்துவிட்டு அம்மாவின் தாயக்கட்டைகளை எடுத்தேன். பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் வெறும் பக்கம் ஒன்று, மற்ற மூன்றில் 1, 2, 3 புள்ளிகள். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. உருட்டினால் விழக்கூடிய விதம் மொத்தம் 16. அதில் தாயம் 2, ஐந்து 2, ஆறு 1, பன்னிரண்டு 1. மறுபடி உருட்டும் உரிமை தருகிற இந்த நான்கும் சேர்ந்து 6. இரண்டும் நான்கும் மும்மூன்று, ஆக அதுவும் 6. மிச்சமுள்ள 4 விதமும் மூன்றுக்கு. நோட்டில் இதை எழுதிப் பார்த்தபோது ஒரு முழு ஆட்டமே அதற்குள் இருந்தது. தாயம், 5, 6, 12 விழுந்தால் நினைத்தது நடக்கும், இன்னொரு முறையும் உண்டு. 2, 4 விழுந்தால் நடக்கும், ஆனால் எதையாவது இழக்க வேண்டும். 3 விழுந்தால் நடக்காது. ஒரே விதி. ஐந்து நிமிஷத்தில் பிள்ளைகள் கொள்ளிடத்தில் பரிசல் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

விதி குறைந்தால் போதும் என்று அப்போது நம்பினேன். மூன்றாம் வாரமே அது தப்பு என்று தெரிந்துவிட்டது. "நான் அப்பவே மதகைத் திறந்துட்டேன்" என்று ஒருவன் கத்துவான், "நான்தான் முதல்ல சொன்னேன்" என்று இன்னொருவன். சத்தம் அதிகமாக வந்த பக்கமே என் தீர்ப்பும் சாய்ந்தது. நான்காவது படிக்கும் ஒரு பெண் அன்று முழுவதும் வாயே திறக்கவில்லை. போகும்போது, "என் ஆளு எங்க நிக்கிறான்னு நீங்க கேக்கவே இல்ல அத்தை" என்றாள். இன்றுவரை அது என் மனசை விட்டுப் போகவில்லை.

விதியா, நடுவர் தீர்ப்பா என்ற இந்தச் சிக்கல் பழசு. பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி போர்ப்பயிற்சிக்காக டைஸும் அட்டவணையுமாக ஒரு விளையாட்டை 1824இல் வெளியிட்டார். 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி, இத்தனை அட்டவணை எதற்கு, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். நடுவரை எல்லாரும் நம்புகிற இடத்தில் அது சரி. ஒன்பது வயதும் பதினாலு வயதும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது நடுவருக்கே விதியின் துணை வேண்டியிருக்கிறது.

அம்மாவைக் கேட்டேன். தாயம் ஆட உட்காருமுன் அவர்கள் தலைமுறையில் முதலில் பேசிக்கொள்வார்களாம்: வெட்டினால்தான் உள்ளே போகலாமா, வெட்டாமலும் பழம் எடுக்கலாமா? ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு இது மாறும். "சண்டை வர்ற எடத்தை மட்டும் முதல்லயே பேசிக்கணும், மத்தது தானா நடக்கும்" என்றார். வாய்க்கால் நெடுக யாரும் மதகு கட்டுவதில்லை, தண்ணீர் பிரிகிற இடத்தில்தான் கட்டுகிறோம்.

அதனால் இரண்டாவது விதி சேர்த்தேன்: கட்டை யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே பேசலாம், கட்டை வரிசையாக எல்லாரிடமும் போகும். அடுத்த ஞாயிறு அந்தப் பெண்ணின் முறை வந்தது. கட்டைகளை உள்ளங்கையில் வைத்து உரசிக்கொண்டே இருந்தாள். அந்தக் கிணுகிணுப்பு நிற்கும்வரை திண்ணையில் மூச்சுச் சத்தம் இல்லை. பிறகுதான் சொன்னாள், தன் ஆள் மதகுப் பலகையை ராத்திரியில் திருடப் போகிறான் என்று.

இன்னொன்றும் கற்றேன். எதற்கு விதி எழுதுகிறோமோ அதைத்தான் ஆடுவார்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974இல் வெளிவந்த முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போர் விளையாட்டிலிருந்து பிறந்தது. அதனால் சண்டைக்கு அதில் விதி நிறைய. என் பிள்ளைகள் தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஆசைப்பட்டேன், எனவே தண்ணீருக்கு விதி எழுதினேன். பல்லாங்குழிப் பலகையில் ஒரு வரிசைக்கு ஏழு குழி, அவை ஒரே வாய்க்காலில் ஏழு ஊர். ஜூன் 12, மேட்டூர் திறந்தாயிற்று என்று சொல்லி தலைமடைக் குழியில் 15 புளியங்கொட்டை போடுவேன். குறுவை பிழைக்க ஊருக்கு மூன்று வேண்டும், ஆக 21 தேவை. ஒவ்வொருவரும் வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்த குழிக்குத் தள்ள வேண்டும். முதல் முறை ஆடியபோது கடைமடைக்கு ஒன்றுகூட வரவில்லை. அந்தக் குழிக்காரன் அழுகிற நிலைக்குப் போய்விட்டான். அப்புறம்தான் பேச்சுவார்த்தை, கெஞ்சல், மிரட்டல், சத்தியம், ராத்திரிக் காவல் எல்லாம். எண்ணிக்கை மட்டுமே விதி, பேச்சுக்கு நான் விதி எழுதவில்லை. பேச அவர்களுக்குத் தெரியும்.

நீங்கள் பிள்ளைகளோடு தொடங்குவதானால் ஒரு விதியோடு உட்காருங்கள். ஒரே தகராறு இரண்டு முறை வந்தால் அதற்கு மட்டும் அடுத்த விதியை எழுதுங்கள், அதையும் ஆட்டத்தின் நடுவில் எழுதாமல் அடுத்த வாரம் உட்காருமுன் எழுதுங்கள். மூன்று வாரம் யாரும் தொடாத விதியை அடித்துவிடுங்கள். பெரியவர்களோடு ஆடினால் நிலைமை வேறு. அவர்களில் பலருக்குக் கணக்குப் போடுவதே சுகம். அதனால் அந்த 320 பக்கப் புத்தகத்தை நான் இன்னும் மதிக்கிறேன்.

அண்ணன் மகன் இப்போது ஒன்பதாவது படிக்கிறான். போன வருஷம் அந்த 320 பக்கத்தை அவனே கேட்டு வாங்கிப் போனான். முழுக்கப் படித்துவிட்டு வந்து என் நோட்டில் ஒரு விதி எழுதினான். ஐப்பசி, கார்த்திகைச் சுற்றில் 12 விழுந்தால் தலைமடையில் 40 கொட்டை. எந்தக் குழியிலாவது ஆறுக்கு மேல் நின்றால் சம்பா அழுகிவிடும். ஜூனில் தண்ணீருக்குக் கெஞ்சிய கடைமடைதான் இப்போது எல்லார் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு மூழ்கும். இத்தனை வருஷத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

அந்த விதியோடு முதலில் ஆடிய ஞாயிறு, ஐப்பசிச் சுற்றிலேயே 12 விழுந்தது. கடைசிக் குழி நிறைந்து கொட்டைகள் பலகையில் சிதறின. தலைமடைக்காரி கட்டைக்காகக் கை நீட்டி, "வடிகால் வெட்ட என் ஊர் ஆளுங்க வர்றாங்க, எத்தனை பேரு வேணும்?" என்றாள்.