தோரின் தலைக்கவசத்தைப் படமெடுக்கப் போகும் பிள்ளைகளுக்கு

சங்கரன்கோவிலில் இருந்து நெபுலா எடுக்க ஆசைப்படுகிறீர்கள் என்றால் பெருநாய் மண்டலத்தில் உள்ள என்ஜிசி 2359-ஐ எடுங்கள். தோரின் தலைக்கவசம் என்பது இதுதான்.

1. எதை எடுக்கிறோம் என்று தெரிந்து எடுங்கள். நடுவில் இருக்கும் டபிள்யூஆர் 7, உல்ஃப்-ராயே வகை விண்மீன். சூரியனைவிடப் பல மடங்கு நிறை கொண்டது. அதிலிருந்து நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வீசும் காற்று, சுற்றியுள்ள வாயுவைத் தள்ளித் தள்ளிக் குமிழாக்கியிருக்கிறது. 1867-ல் பாரிஸில் கண்டறியப்பட்ட வகை இது. காவலூர் வானாய்வகத்தை உருவாக்கிய வைணு பாப்பு இவற்றின் நிறமாலையில் ஆழ்ந்து உழைத்தவர். இதே வகையில் ஒன்று, காமா வேலோரம், தென்வானில் வெறும் கண்ணுக்கே தெரியும். முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

2. தை, மாசி அமாவாசையை ஒட்டிய இரவுகளே காலம். பிப்ரவரி நடுவில் இரவு பத்து மணி வாக்கில் இந்த நெபுலா நமக்கு 68 டிகிரி உயரத்தில் நிற்கும். லண்டனில் 25 டிகிரியைத் தாண்டாது.

3. வானச் சுழற்சியைப் பின்தொடரும் மவுண்டை நேர்ப்படுத்த உதவும் துருவ நட்சத்திரம் இங்கே 9 டிகிரி உயரம்தான். பனைமரமோ புழுதியோ மறைத்துவிடும். கேமரா வழியாகவே துருவ அச்சைச் சரிசெய்யும் மென்பொருளைப் பழகுங்கள். மவுண்ட் 9 டிகிரிக்குத் தாழுமா என்று வாங்கும்போதே கேளுங்கள். எடைக்கட்டை முக்காலியில் இடிக்கிறதா என்று வெளிச்சத்திலேயே சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

4. கேமராவைப் பிரித்து உள்ளிருக்கும் ஃபில்டரை மாற்ற அவசரப்படாதீர்கள். சாதாரண டிஎஸ்எல்ஆர், ஹைட்ரஜனின் சிவப்பைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஆனால் ஆக்ஸிஜனின் நீலப்பச்சையை உள்ளே விட்டுவிடும். இந்த நெபுலாவில் ஆக்ஸிஜன் ஓங்கியிருக்கிறது. தெருவிளக்குக்கு இரட்டைக் குறுகலைவரிசை ஃபில்டர் போதும். ஐந்து நிமிடப் படம் ஒன்றைத் திறந்தால் சாம்பல் மங்கலில் சின்ன வளையம் மட்டுமே தெரியும், தலைக்கவசத்தின் கொம்புகள் இருக்காது. மனம் தளர வேண்டாம். இரண்டு மூன்று இரவு எடுத்து, அறுபது படத்தை அடுக்கினால் கொம்பு எழும்பி வரும்.

5. ஃப்ளாட், அதாவது சீரான ஒளியில் எடுக்கும் திருத்தப் படம், எடுக்காமல் கருவியைக் கழற்றாதீர்கள்.

6. மென்பொருளால் இல்லாத இழையை வரவழைக்காதீர்கள். அந்த ஒவ்வொரு வளைவும் காற்று மோதிய தடம். கூட்டவோ குறைக்கவோ நமக்கு உரிமையில்லை. படத்தின் அடியில் தேதி, ஊர், படங்களின் எண்ணிக்கை, நேரம், ஃபில்டர் ஆகியவற்றை எழுதுங்கள். இவை இல்லாத படத்துக்கு நான் கருத்துச் சொல்வதில்லை.