ஒலிக் கோப்பும் ஒலிபெருக்கியும்

திருவண்ணாமலைச் சுற்று வட்டாரத்துக் கிராமங்களில் குடிநீர், வரி, கிராம சபை பற்றிய அறிவிப்பைச் செல்போனில் பதிந்து, பென் டிரைவில் ஏற்றி, மைக் செட்டில் ஒலிக்கச் செய்வதுண்டு. செல்போனில் தெளிவாகக் கேட்ட குரல் அங்கே ஊமையாகி விடுகிறது. பெட்டி பழுதென்று பலர் கருதுவர். பெரும்பாலும் பழுது பெட்டியிலன்று. கோப்பின் அமைப்பைப் பெட்டி அறியாமையே காரணம்.

ஒலியை எண்களாக்கி அடுக்கி வைக்கும் முறைகள் பல. வாட்ஸ்அப் குரல் செய்தி ஓபஸ் என்னும் முறையில் அமைந்தது. அம்முறை 2012-இல் இணையத்தின் பொது நெறியாக வகுக்கப்பெற்றது. 2001-இல் வெளிவந்த ஃபிளாக், 2002-இல் வந்த ஆக் வோர்பிஸ் ஆகியவையும் அத்தகையனவே. எவரும் கட்டணமின்றி இவற்றைக் கையாளலாம். எம்பி3 முறைக்கோ நெடுங்காலம் காப்புரிமைக் கட்டணம் இருந்தது; ஜெர்மனியின் பிரான்ஹோபர் நிறுவனம் அந்த உரிமத் திட்டத்தை 2017-இல் முடித்துக்கொண்டது. ஆயினும் மைக் செட்டுகள் பலவும் அறிந்தது எம்பி3 ஒன்றையே. கட்டணமில்லை என்பதனால் எங்கும் ஒலிக்கும் என்று கொள்ளலாகாது.

கோப்புப் பெயரின் வாலை மாற்றிப் பார்ப்பாரும் உளர். நெல் மூட்டையின் மேல் கேழ்வரகு என்று எழுதினால் உள்ளிருப்பது கேழ்வரகாகுமா? வி.எல்.சி. என்னும் இலவச மென்பொருளால் கணினியில் எம்பி3-ஆக மாற்றுவதே முறை. அதன் பின்னும் ஒலிக்காவிடில், பென் டிரைவ் ஃபேட்32 முறையில் உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

அறிவிப்பு ஒரு நாளைக்குரியது, கூத்து அப்படியன்று. செய்யாற்றுப் பகுதியின் புரிசை, தெருக்கூத்துக்குப் பெயர் பெற்ற ஊர். விடிய விடிய 8 மணி நேரம் நிகழும் கூத்தைக் குறுந்தகட்டின் தரத்தில் வேவ் கோப்பாகப் பதிந்தால் ஏறத்தாழ 5 ஜிகாபைட் ஆகும். ஒரு வேவ் கோப்போ 4 ஜிகாபைட்டுக்கு மேல் கொள்ளாது. ஆகவே பகுதி பகுதியாகப் பதிதல் வேண்டும். ஃபிளாக் இதனைப் பெரும்பாலும் பாதியளவுக்குச் சுருக்கும். ஒலியில் ஓர் அணுவும் குறையாது. எம்பி3 அரை ஜிகாபைட்டிலும் அடங்கும். ஆனால் அது நுண்ணொலிகளைக் களைந்தே சுருங்குகிறது, களைந்தவை மீளா. எம்பி3-ஐப் பின்னர் ஃபிளாக்காக மாற்றுவதாலும் பயனில்லை.

எனவே மூலத்தை ஃபிளாக்கில் வைத்து, ஒலிக்கச் செய்ய எம்பி3 பிரதி எடுத்துக்கொள்க. குழுவினர் சம்மதம் பெற்றே பதிதல் வேண்டும். மூலத்தின் ஒரு பிரதி பஞ்சாயத்து அலுவலகத்திலும், மற்றொன்று கூத்துக் குழுவினரிடமும் இருக்கட்டும்.