தோட்டப் பள்ளியும் தனிக்கவனமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்து ரப்பர், செம்பனைத் தோட்டங்களை ஒட்டி வளர்ந்த தமிழ்ப்பள்ளிகளில் பிள்ளைகள் குறைவு என்பதால், ஒவ்வொருவருக்கும் தனிக்கவனம் தானாகவே கிடைத்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. 150 பேருக்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளியை மலேசியக் கல்வி அமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என வகைப்படுத்துகிறது. மொத்த எண்ணிக்கை 30க்கும் கீழே இறங்கினால், இரண்டு ஆண்டுகளின் மாணவர்களை ஓர் அறையில் ஓர் ஆசிரியரிடம் அமர்த்தும் கூட்டு வகுப்பு நடைமுறைக்கு வருகிறது. அங்கே நான்காம் ஆண்டுக்குப் பாடம் நடக்கும்போது மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் தாமாகவே பயிற்சி செய்ய வேண்டியிருப்பதால், பத்தே பேர் இருக்கும் அறையிலும் ஒரு பிள்ளையின் தடுமாற்றம் ஆசிரியரின் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும்.

தடுமாற்றம் கண்ணில் பட்டாலும் அதன் காரணம் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் இரண்டு பிள்ளைகள் 35 என்று எழுதுவதாகக் கொள்வோம். ஒரு பிள்ளை, இரண்டிலிருந்து ஏழு போகாது என்று கண்டு, ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து என எழுதியிருக்கலாம். மற்றது முறைப்படி ஒரு பத்தைக் கடன் வாங்கிப் பன்னிரண்டிலிருந்து ஏழைக் கழித்தபின், பத்துகளின் இடத்தில் ஐந்தை நான்காகக் குறைக்க மறந்திருக்கலாம். விடை ஒன்றே, பிழைகள் வேறு. முதல் பிள்ளைக்கு இடமதிப்பையே குச்சிக்கட்டுகளைக் கொண்டு மீண்டும் கற்பிக்க வேண்டும்; இரண்டாவது பிள்ளைக்கோ, கடன் வாங்கிய இலக்கத்தை அடித்துத் திருத்தும் பழக்கம் போதும். கற்றலில் விழுந்த இடைவெளியைக் கண்டறிந்து அதை மட்டும் நிரப்பும் கற்பித்தலையே குறைநீக்கல் போதனை என்கிறார்கள். காரணம் அறியாமல் இருவருக்கும் மேலும் இருபது கணக்குகளைக் கொடுப்பது குறைநீக்கல் ஆகாது. அது பிழையையே பழக்கமாக்கிவிடும் ஆபத்து உடையது.

கண்ணால் கற்போர், காதால் கற்போர், செய்து கற்போர் எனப் பிள்ளைகளைப் பிரித்து, அந்தந்தப் பாணியில் கற்பிப்பதே தனித்தேவையை நிறைவு செய்யும் என்ற நம்பிக்கை ஆசிரியர்களிடமும் வேரூன்றியுள்ளது. உளவியலாளர் ஹெரால்ட் பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, இத்தகைய பொருத்தம் கற்றலை உயர்த்துகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை எனக் காட்டியது. மாறாக, கற்பவர் ஏற்கெனவே அறிந்திருப்பதே புதிய கற்றலுக்கு முதன்மையான அடித்தளம் என உளவியலாளர் டேவிட் ஆசுபெல் 1968இலேயே வலியுறுத்தியிருந்தார்.

வயது ஏறியவர்களுக்குப் படிப்பு ஏறாது என்ற நம்பிக்கையே எல்லாவற்றிலும் கொடியது, ஏனெனில் அதை நம்பத் தொடங்கியவர் வகுப்பின் வாசலுக்கே வருவதில்லை. ஆனால் பிரேசிலின் அஞ்சிகோஸ் ஊரில் 1963இல் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே, ஏறத்தாழ 300 உழைப்பாளர்களுக்கு அவர்களது வாழ்விலிருந்தே எடுத்த சொற்களைக் கொண்டு எழுத்தறிவித்தார். அவ்வாறே, தோட்டத்தை விட்டுப் பகாவ், சிரம்பான் போன்ற ஊர்களில் குடியேறிய பால்மரத் தொழிலாளர் ஒருவருக்கு, குழந்தைகளின் அரிச்சுவடியைவிட, மலாயில் அச்சிட்ட ஊழியர் சேமநிதிப் படிவமே பொருளுள்ள பாடநூலாகும். எழுத்துகள் கலங்கித் தெரிகின்றன என்று அவர் சொன்னால், அது மந்தபுத்தியன்று, நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இயல்பாக வரும் வெள்ளெழுத்தாக இருக்கலாம். அப்படியானால் அவருக்கு முதலில் வேண்டியது ஒரு மூக்குக்கண்ணாடி. இன்னமும் தோட்டத்திலேயே வேலை செய்பவர் எனில், விடியுமுன் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்புக்குப் போய் வந்த உடம்பு இரவு ஒன்பது மணி வகுப்பில் கண்ணயரும் என்பதை உணர்ந்து, பால் நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பியபின் வரும் பிற்பகலிலேயே வகுப்பை அமைக்க வேண்டும்.