ஐந்து பவுண் கடனும் ஒரு புத்தகக் கடையும்

இரத்மலானையில் தையல் வேலை செய்யும் பெண்கள் சிலரோடு அண்மையில் ஒரு மாலை அமர்ந்திருந்தோம். ஒருவர் கேட்டார்: "சுவாமி, கோயில் காசை வியாபாரத்துக்குக் கொடுக்கிறது பாவமில்லையா?" தருமம் கொடுக்க நாம் பழகியிருக்கிறோம், ஒருவரை நம்பி முதல் கொடுக்கத்தான் தயங்குகிறோம். இக்கேள்விக்கு விடை தேடி, எமது சகோதர சபையான மெதடிஸ்த திருச்சபையின் வரலாற்றைப் புரட்டினோம். கத்தோலிக்கர் வெஸ்லியிடம் படிப்பதில் குறைவொன்றுமில்லை.

1746 இல் ஜோன் வெஸ்லி இலண்டனில் வசதியுள்ளோரிடம் சென்று சிறுதொகை திரட்டினார். அது ஐம்பது பவுணுக்கு மேற்படவில்லை. அதை இரு பொறுப்பாளர்களிடம் ஒப்படைத்தார். அவர்கள் செவ்வாய்க்கிழமை காலைதோறும் இருந்து, தேவைப்பட்டவர்களுக்கு இருபது சிலிங் வரை கடன் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். திரும்பி வந்த பணம் அடுத்தவருக்குப் போயிற்று. இப்படிச் சுழன்றதால் அந்தச் சிறு முதல் இருநூற்றைம்பது பேருக்கு உதவியது. 1767 இல் முதல் பெருகியபோது கடனின் எல்லை ஐந்து பவுணாக உயர்ந்தது.

அந்த ஐந்து பவுணைப் பெற்றவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் லக்கிங்டன் என்னும் செருப்புத் தைப்பவர். 1774 இல் பழைய புத்தகக் கடை தொடங்கினார். அக்காலப் புத்தக வியாபாரம் கடன் கணக்கில்தான் ஓடியது. இவரோ யாருக்கும் கடன் கொடுப்பதில்லை என்று முடிவுசெய்து, குறைந்த இலாபத்தில் நிறைய விற்றார். பின்னர் இலண்டனின் மிகப் பெரிய புத்தகக் கடைகளுள் ஒன்று அவருடையதாயிற்று. செல்வம் வந்தபின் மெதடிஸ்தரையே கேலி செய்து எழுதினார். வயது போனபின் மனம் மாறித் திரும்பி வந்து சிற்றாலயங்கள் கட்டினார் என்பது வேறு கதை. கடன் கொடுத்தவர்கள் நன்றியை வட்டியாகக் கேட்கவில்லை.

எமது தீவுக்கு மெதடிஸ்தம் வந்ததும் ஒரு நம்பிக்கைக் கடனாலேயே. 1814 மே 3 இல் தலைவர் தோமஸ் கோக் கடலில் இறந்தார். கையில் பணமின்றிப் பம்பாயில் இறங்கிய இளம் மறைபணியாளருக்கு மணி என்னும் ஆங்கில வர்த்தகர் முன்பணம் கொடுத்தார் (ஆங்கிலத்தில் அந்தப் பெயரே பணந்தான்!). ஜூன் 29 இல் ஐவர் காலியில் கரையேறினர். அங்கிருந்து யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மாத்தறை என்று பிரிந்து, அரசின் உதவிப்பணத்தோடு ஆங்கிலப் பாடசாலைகளைத் தொடங்கினர். 1815 இல் வந்து சேர்ந்த ஹாவார்ட் அச்சுத்தொழில் அறிந்தவர். கொழும்பில் அச்சகம் எழுந்தது; 1817 இல் அங்கு சிங்களப் புதிய ஏற்பாடு அச்சாயிற்று. தெரிந்த தொழிலையே அவர்கள் ஊழியமாக்கினர்.

ஆனால் எல்லாக் கடனும் ஒன்றல்ல. நுண்கடன் சுமை தாங்காமல் எமது கிராமங்களில் எத்தனையோ பெண்கள் அழுததை நாம் கண்டோம். வறட்சி கண்ட 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களை 2018 இல் அரசே தள்ளுபடி செய்ய முன்வர வேண்டியதாயிற்று. கடன் கொடுத்தவர் கிழமைதோறும் தவணை கேட்டு வந்தார். தையல் இயந்திரம் ஓடுகிறதா என்று பார்க்க வரவில்லை. வெஸ்லியின் நிதியிலும் தவணை இருந்தது, கண்டிப்பும் இருந்தது. ஆனால் கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே வட்டத்துக்குள் இருந்தனர்.

இரத்மலானைப் பெண்கள் இன்னும் தீர்மானிக்கவில்லை. துணி வாங்க முதலில் எவருக்கு, எவ்வளவு என்பதில் தகராறு.

குழுவில் பேசுவதற்கு: உங்கள் பங்கில் உள்ள நிதியில் எவ்வளவு பணம் சும்மா கிடக்கிறது? ஒருவர் தவணை தவறினால் அவர் வீட்டுக்கு முதலில் யார் போவது?