தீவிர சிகிச்சைப் பிரிவில் ரத்தம் சொல்வது என்ன?

கோவிட்-19 பரவிய காலத்தில் மலேசிய சுகாதார அமைச்சு நோயாளிகளை ஐந்து கட்டங்களாகப் பிரித்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அறிகுறியே இல்லாதவர்கள் முதல் கட்டம். நிமோனியா கண்டு, ஆக்சிஜனும் தேவைப்படுபவர்கள் நான்காம் கட்டம். சுவாசக் கருவியின் உதவியோடு உயிருக்குப் போராடுபவர்கள் ஐந்தாம் கட்டம்.

இன்று நான்கில் இருப்பவர் நாளை ஐந்துக்குப் போய்விடுவாரா? மருத்துவர்களைத் தூங்கவிடாத கேள்வி அதுதான். ஆக்சிஜன் அளவு வெகுவாக இறங்கிய பிறகும் சிலர் மூச்சுத் திணறாமல் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆளைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாத நிலையில் ரத்தப் பரிசோதனை கைகொடுத்தது.

அடிக்கடி பார்க்கப்பட்ட அளவுகளில் ஒன்று சி-ரியாக்டிவ் புரதம், சுருக்கமாகச் சிஆர்பி. 1930இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வுக்கழகத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டறிந்தனர். இதைத் தயாரிப்பது கல்லீரல். உடலில் அழற்சி ஏற்பட்டால் நோய் எதிர்ப்பு அணுக்கள் இன்டர்லூக்கின்-6 என்ற மூலக்கூறைத் தூது அனுப்பும். அது கல்லீரலை எட்டியதும் சிஆர்பி உற்பத்தி பெருகும். நலமாக இருப்பவரிடம் இது பெரும்பாலும் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கும் குறைவு. கடுமையான கோவிட்டில் 100ஐத் தாண்டுவது அபூர்வமல்ல.

கதிரியக்கப் பாடத்தில் வரும் அரைவாழ்வை இங்கேயும் பயன்படுத்தலாம். ரத்தத்தில் சிஆர்பியின் அரைவாழ்வு சுமார் 19 மணி நேரம். உற்பத்தி அடியோடு நின்றால் 80 என்ற அளவு 19 மணி நேரத்தில் 40 ஆகும். 38 மணி நேரத்தில் 20. மறுநாளும் 80லேயே நின்றால், கல்லீரல் இன்னும் அதைத் தயாரித்துக்கொண்டுதான் இருக்கிறது என்று பொருள். அதனால் ஒரு நாள் எண்ணைவிட, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையே மருத்துவர்கள் கவனிப்பார்கள். லிம்போசைட் எனும் வெள்ளை அணுக்களின் கதை இதற்கு நேர்மாறு. நோய் கடுமையாகும்போது அவற்றின் எண்ணிக்கை குறையும்.

இன்னொன்று டி-டைமர். ரத்தம் உறையும்போது ஃபைப்ரின் என்ற புரத இழைகள் வலை பின்னுகின்றன. பிறகு பிளாஸ்மின் என்ற நொதி அந்த வலையை நறுக்குகிறது. அந்தத் துண்டுகளே டி-டைமர். அவை மிகுந்திருந்தால், உடலுக்குள் எங்கோ ரத்தம் உறைந்து கரைந்துகொண்டிருக்கலாம். சீனாவின் வூஹான் நகரில் இரு மருத்துவமனைகளைச் சேர்ந்த 191 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2020 மார்ச்சில் வெளியானது. அவர்களில் 54 பேர் இறந்தனர். சேர்க்கப்பட்டபோதே டி-டைமர் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தவர்களுக்கு இறக்கும் ஆபத்து அதிகமாக இருந்தது.

அப்படியென்றால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பரின் மருந்தை நிறையக் கொடுத்தால் பிழைத்துவிடுவார்கள் அல்லவா? நியாயமான ஊகம்தான். பன்னாட்டு ஆய்வுகளில் இதைச் சோதித்தார்கள். முடிவுகள் 2021 ஆகஸ்டில் வெளியாயின. சாதாரண வார்டில் இருந்தவர்களுக்கு முழு அளவு ஹெப்பரின் பலன் தந்தது. தீவிர சிகிச்சையில் இருந்தவர்களுக்கோ பலன் இல்லை. டி-டைமர் ஆபத்தைக் காட்டியது உண்மை. ஆனால் நோய் முற்றிய பிறகு ரத்த உறைவை மட்டும் தடுத்து அவர்களை மீட்க முடியவில்லை.

சிஆர்பியின் கதை வேறு மாதிரி. பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வில், ஆக்சிஜன் குறைந்து, சிஆர்பி 75ஐ எட்டிய 4,116 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையுடன் டோசிலிசுமாப் என்ற மருந்தும் கொடுக்கப்பட்டது. இன்டர்லூக்கின்-6 போய் ஒட்டும் ஏற்பியை அது அடைத்துவிடும். 28 நாட்களுக்குள் இறந்தவர்களின் விகிதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 35 விழுக்காடு. இம்மருந்தும் பெற்றவர்களில் 31 விழுக்காடு. நூறு பேரில் நான்கு உயிர்கள்!

இதில் ஒரு சிக்கலும் உண்டு. மருந்து ஏற்பியை அடைத்துவிட்டதால் இன்டர்லூக்கின்-6 கொண்டுவரும் தூது கல்லீரலுக்கு எட்டாது. சிஆர்பி மளமளவென்று இறங்கும். அது நோய் தணிந்ததால் இறங்கியதா, தூது தடைப்பட்டதால் இறங்கியதா? எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தச் சமயத்தில் நுரையீரலில் புதிதாக பாக்டீரியா தொற்றினாலும் சிஆர்பி உயராமல் போகலாம்; காய்ச்சல்கூட அடங்கியே இருக்கலாம். எனவே இம்மருந்து பெற்றவரிடம் சந்தேகம் எழுந்தால், மருத்துவர்கள் சிஆர்பியை மட்டும் நம்பாமல் சளியையும் ரத்தத்தையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள்.