காமிரா ஏன் மூச்சு வாங்குகிறது?

பள்ளி விளையாட்டு விழாவில் 100 மீட்டர் ஓட்டம். தொடக்கத்திலிருந்தே டிஜிட்டல் காமிராவின் பொத்தானை அழுத்திப் பிடித்து, நொடிக்கு 10 படம் வீதம் எடுக்கிறீர்கள். மூன்று நொடி வரை காமிரா படபடவென்று இயங்குகிறது. பிறகு திணறத் தொடங்குகிறது. முதலாவதாக வந்தவர் எல்லைக் கயிற்றை மார்பால் தொடும் கணம், இரண்டு படங்களுக்கு நடுவே நழுவிவிடுகிறது. காமிராவில் கோளாறு ஏதுமில்லை. நீங்கள் கணக்குப் பாடத்தில் போட்ட தண்ணீர்த் தொட்டிக் கணக்குதான் இது!

காமிராவின் ஒளியுணர் சில்லில் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள் உள்ளன எனக் கொள்வோம். சுருக்கப்படாத 'ரா' வகைப் படத்தில் புள்ளி ஒன்றுக்கு 14 பிட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே ஒரு படத்திற்கு 42 மெகாபைட். நொடிக்கு 420 மெகாபைட் வந்து கொட்டுகிறது. மெமரி கார்டோ நொடிக்கு 90 மெகாபைட்தான் எழுதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 330, காமிராவுக்குள் இருக்கும் 'பஃபர்' என்னும் தற்காலிக நினைவகத்தில் தேங்கும். அதன் கொள்ளளவு 1,000 மெகாபைட் என்றால் மூன்று நொடியில் நிரம்பிவிடும் அல்லவா? அதன்பின் கார்டு இடம் விட்டால்தான் அடுத்த படம். 90-ஐ 42-ஆல் வகுத்துப் பாருங்கள்: நொடிக்கு இரண்டு படம்! பஃபரை இருமடங்காக்கினால் இன்னும் மூன்று நொடி கிடைக்கும், அவ்வளவே.

கார்டையும் பஃபரைப் போல வேகமாகச் செய்தால் என்ன? இங்கேதான் இயற்பியல் குறுக்கிடுகிறது. பஃபரில் மின்னூட்டம் நுண்ணிய மின்தேக்கிகளில் நிற்கிறது. அதை நிரப்புவது எளிது. ஆனால் கசிந்துகொண்டே இருப்பதால் இடைவிடாமல் புதுப்பிக்க வேண்டும். மின்சாரம் நின்றால் எல்லாம் போயிற்று. (காமிராவின் சிறு விளக்கு எரியும்போது மின்கலத்தையோ கார்டையோ கழற்றக் கூடாது என்பது இதனால்தான்.)

கார்டில் இருப்பது, ஜப்பானியப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோகா 1980-களில் தோஷிபா நிறுவனத்தில் உருவாக்கிய 'ஃபிளாஷ்' நினைவகம். இதில் எலெக்ட்ரான்கள் மின்கடத்தாச் சுவருக்குள் சிறைப்பட்டிருக்கும். மின்சாரமே இல்லாமல் படம் பல ஆண்டுகள் நிலைப்பது அந்தச் சுவரால்தான்; எழுத நேரமாவதும் அதே சுவரால்தான். சுமார் 20 வோல்ட் அழுத்தம் தந்து, குவாண்டம் சுரங்க விளைவால் எலெக்ட்ரான்களைச் சுவருக்கு அப்பால் செலுத்த வேண்டும். ஒரே தள்ளில் முடியாது. சிறிது செலுத்தி, போதுமா என்று சோதித்து, மீண்டும் செலுத்த வேண்டும். படிக்கும்போது இந்தத் தொல்லை இல்லை. கார்டின்மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் படிக்கும் வேகமே. அதை நம்பி வாங்குவது வீண். ஆங்கில 'வி' எழுத்தோடு 30, 60, 90 என்றிருப்பதைத் தேடுங்கள். தொடர்ந்து எழுதும்போது நொடிக்கு அத்தனை மெகாபைட்டுக்குக் குறையாது என்பது அதன் பொருள்.

இப்போது ஒரு கணக்கு. அதே காமிராவில் படத்தைச் சுருக்கி, ஒன்றுக்கு 10 மெகாபைட் ஆக்குகிறோம். பஃபர் நிரம்ப எத்தனை நொடி ஆகும்?